நனைந்து உலரும் பாறை

இமாச்சலப் பிரதேசத்தில் சட்லஜ் ஆற்றின் பள்ளத்தாக்கில் பிலாஸ்பூர் என்னும் ஊர் உள்ளது. மக்கள் இன்று வாழ்வது மேட்டில் அமைந்த புதிய ஊர். பழைய பிலாஸ்பூர் அதற்குக் கீழே, கோவிந்த் சாகர் என்னும் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. பக்ரா அணையைக் கட்டி நீரைத் தேக்கியபோது, 1960களின் தொடக்கத்தில், அவ்வூர் மூழ்கியது. மக்கள் வீடுகளையும் கடைத்தெருவையும் விட்டு மேட்டுக்குக் குடிபெயர்ந்தனர். பழைய கற்கோயில்கள் சில, தம் சிகரங்களுடன் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

கோவிந்த் சாகரின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. பனி உருகிய நீரும் பருவமழை நீரும் வந்து சேர, செப்டம்பர் மாதத்தையொட்டி நீர்த்தேக்கம் தன் உயர்ந்த மட்டத்தை அடைகிறது. அதன்பின் பாசனத்திற்கும் மின்சாரத்திற்கும் நீர் திறந்துவிடப்படுகிறது. கோடை வருவதற்குள் மட்டம் வெகுவாக இறங்கிவிடும். அப்போது கோயில் சிகரங்கள் வண்டலுக்கு மேல் தலைகாட்டுகின்றன. சில மாதங்கள் வெயிலில் காய்கின்றன. மழை வந்ததும் மீண்டும் மூழ்குகின்றன. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வாறே நடந்து வருகிறது.

கல் நீரில் கரையாது. பிறகு என்ன கவலை என்று கேட்கத் தோன்றும். தமிழில் ஒருவருடைய மன உறுதியைப் பாராட்டவும் பாறையைத்தான் உவமையாகச் சொல்கிறோம். ஆனால் பாறையைப் பற்றி ஆராய்வோர் வேறொன்று கூறுகின்றனர். நீருக்குள்ளேயே கிடக்கும் கல்லைவிடவும், வெயிலிலேயே நிற்கும் கல்லைவிடவும், மாறி மாறி நனைந்து உலரும் கல்லே விரைவில் வலிமை இழக்கிறது. அது ஏன் என்பதை அறிய, கல்லின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

கல்லுக்குள் இருக்கும் இடைவெளி

மணற்கல் என்பது பெயருக்கேற்பப் பழங்காலத்து மணல். ஆறோ கடலோ காற்றோ கொண்டுவந்து குவித்த மணற்பரல்கள், மேலே படிந்த அடுக்குகளின் எடையால் நெருங்கி, நிலத்தடி நீர் விட்டுச்சென்ற பொருள்களால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவ்வாறு ஒட்டவைத்த பொருளே கல்லின் உயிர்நிலை. அது சிலிக்காவாக இருந்தால் கல் மிக உறுதியாக இருக்கும். இரும்பின் கூட்டுப்பொருள் கலந்திருந்தால் கல் சிவந்திருக்கும். தில்லிச் செங்கோட்டையின் சுவர்களில் காணும் நிறம் அதுவே. சுண்ணாம்புப் பொருளாக இருந்தால் காலப்போக்கில் நீரில் மெல்லக் கரையும். களிமண்ணாக இருந்தால் நனைந்ததும் இளகிவிடும்.

பரல்களை எவ்வளவு நெருக்கினாலும் இடையில் சிறு வெற்றிடங்கள் எஞ்சும். இவற்றை நுண்துளைகள் என்பர். மணற்கல்லின் மேல் ஒரு துளி நீரை விட்டால் சிறிது நேரத்தில் அது உள்ளே இறங்கிவிடும். மெருகேற்றிய கருங்கல்லின் மேல் விட்டால் துளி துளியாகவே நிற்கும். கருங்கல்லிலும் துளைகள் உண்டு. ஆனால் மிகக் குறைவு.

ஆய்வுக்கூடத்தில் மணற்கல்லை உருளை வடிவில் வெட்டி, பொறியில் வைத்து, உடையும் வரை அழுத்துவர். ஒரே பாறையிலிருந்து எடுத்த இரண்டு உருளைகளில் ஒன்றை நன்கு உலர்த்தியும் மற்றொன்றை நீரில் ஊறவைத்தும் சோதித்தால், ஊறியது குறைந்த சுமையிலேயே உடையும். ஊறிய கல்லை மீண்டும் உலர்த்திச் சோதித்தால் இழந்த வலிமையின் பெரும்பகுதி திரும்பிவிடும். முழுவதும் திரும்புவதில்லை என்பதில்தான் சிக்கல் உள்ளது. நூறு ரூபாய் கடன் வாங்கியவர் தொண்ணூற்றெட்டு ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் நூறு ரூபாய் கேட்பது போன்றது இது. ஒவ்வொரு முறையும் கடன் தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். கணக்குப் பார்க்கும்போதுதான் குறை தெரியும்.

நீர் உள்ளே என்ன செய்கிறது?

கோடையில் வற்றிய குளத்தின் படுகை பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பர். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். களிமண்ணின் நுண்துகள்கள் மெல்லிய தகடுகளை அடுக்கியது போன்றவை. சில வகைக் களிமண்ணில் அத்தகடுகளுக்கு இடையிலேயே நீர் புகுந்து அவற்றை விலக்கிவிடும். மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் இவ்வகையில் பெயர் பெற்றது. பாறைக்குள் இத்தகைய களிமண் சிறிதளவு இருந்தாலும், நனையும்போது அது பக்கத்துப் பரல்களைத் தள்ளுகிறது. உலரும்போது சுருங்கி, தான் இருந்த இடத்தில் விரிசலை விட்டுச் செல்கிறது. அடுத்த முறை நீர் அவ்விரிசல் வழியே இன்னும் உள்ளே செல்கிறது. நீருக்குள்ளேயே கிடக்கும் கல்லில் உப்பிய களிமண் உப்பியபடியே இருந்துவிடும். தள்ளலும் சுருங்கலும் திரும்பத் திரும்ப நிகழ்வதற்கு உலர்ந்த காலமும் தேவைப்படுகிறது.

காற்றும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. பலரும் எதிர்பாராத செய்தி இது. நன்கு உலர்ந்த பாறையின் துளைகளில் காற்று நிரம்பியிருக்கும். அப்பாறை திடீரென நனையும்போது நீர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உள்ளே ஏறுகிறது. காற்றுக்கு வெளியேற வழியில்லை. நடுவில் சிக்கிய காற்று அழுத்தப்பட்டு, உள்ளிருந்தபடியே பாறையைப் பிளக்க முயல்கிறது. ஆகவே, பாறை எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அடுத்த நனைவு அதைத் தாக்கும். குயவர்கள் இதை நன்கு அறிவர். எஞ்சிய களிமண்ணை மறுபடியும் குழைக்க வேண்டுமானால், அரை ஈரத்தில் நீரூற்ற மாட்டார்கள். முற்றிலும் காயவிட்டு அதன்பின் நீரில் இடுவார்கள். நன்கு காய்ந்த கட்டி தானே உதிர்ந்துவிடும். ஈரமாக இருக்கும் கட்டி நெடுநேரம் கரையாமல் கிடக்கும்.

இதை மாணவர்கள் செய்து பார்க்கலாம். களிமண்ணை எலுமிச்சம்பழ அளவில் மூன்று உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். இரண்டை ஒரு வாரம் வெயிலில் காயவைக்க வேண்டும். மூன்றாவதை ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிறகு ஈர உருண்டையையும் காய்ந்த உருண்டை ஒன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் நீருக்குள் மெல்ல இறக்க வேண்டும். காய்ந்த உருண்டையிலிருந்து குமிழிகள் எழுவதையும், சில நிமிடங்களில் அதன் ஓரங்கள் உதிர்வதையும் காணலாம். மற்றொரு காய்ந்த உருண்டையை நீரில் இடாமல், நனைந்த பஞ்சின் மேல் வைத்தால் நீர் அடியிலிருந்து மெல்ல ஏறும். காற்று மேல்வழியே வெளியேறிவிடும். அவ்வுருண்டை அவ்வளவு எளிதில் உதிராது. மூன்று உருண்டைகளும் என்ன ஆயின என்பதை ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும்.

உப்பு சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகிறது. நீரில் கரைந்த உப்பு கல்லின் துளைகளுக்குள் செல்கிறது. நீர் ஆவியானபின் உப்பு படிகமாகி வளர்கிறது; வளரும் படிகம் துளையின் சுவரை நெருக்குகிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எழுந்தது. அங்குள்ள கல் உறுதியான கல்தான். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உப்புக் காற்றிலும் கடற்சாரலிலும் நனைந்து உலர்ந்ததால் பல சிற்பங்களின் முகங்கள் மழுங்கிவிட்டன. இந்தியத் தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி வைக்கின்றனர். கல்லுக்குள் இருக்கும் உப்பு கூழுக்கு மாறியதும் அதை உரித்தெடுக்கின்றனர். இதை ஒரு முறை செய்து விட்டுவிட முடியாது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பவும் செய்தாக வேண்டும்.

சுழலும் உருளை

எந்தப் பாறை நனைந்துலர்தலைத் தாங்கும், எது தாங்காது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மணற்கல்லைப் போல உறுதியாகத் தோன்றும் களிப்பாறை ஒரே மழையில் உதிர்ந்துவிடுவது உண்டு. களிப்பாறை என்பது களிமண் இறுகிப் பாறையானது. இதை அளந்தறிவதற்கு ஃபிராங்க்ளின், சந்திரா என்னும் இருவர் 1972ஆம் ஆண்டில் ஒரு சோதனை முறையை விளக்கினர். இன்று உலகெங்கும் அம்முறை வழக்கத்தில் உள்ளது.

ஒவ்வொன்றும் 40 முதல் 60 கிராம் எடையுள்ள பத்துக் கற்களை எடுத்துக்கொள்வர். 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி எடையைக் குறித்துக்கொள்வர். பிறகு 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையாலான உருளைக்குள் இட்டு, உருளையின் அடிப்பகுதி நீரில் தோயுமாறு வைத்து, நிமிடத்திற்கு 20 சுற்று வீதம் பத்து நிமிடங்கள் சுழற்றுவர். உதிர்ந்த துகள்கள் வலை வழியே வெளியேறிவிடும். எஞ்சிய கற்களை மறுபடியும் உலர்த்தி, மறுபடியும் சுழற்றி, மறுபடியும் உலர்த்தி எடை பார்ப்பர். எடுத்துக்காட்டாக, முதலில் 500 கிராம் இருந்த கற்கள் இரண்டாம் முறைக்குப் பின் 440 கிராம் எஞ்சினால், அப்பாறையின் நீடிப்புத்தன்மை 88 விழுக்காடு. சில களிப்பாறைகளில் ஒரு கைப்பிடி அளவுகூட எஞ்சுவதில்லை.

ஒரு முறையோடு நிறுத்தாமல் இரண்டாம் முறையும் ஏன் செய்ய வேண்டும்? முதல் நனைவில் தாக்குப்பிடித்த பாறை இரண்டாம் நனைவில் கைவிடக்கூடும் என்பதால்தான். களிமண் மிகுந்த பாறைகளுக்கு இரண்டும் போதாமல் மூன்று, நான்கு முறை செய்பவர்களும் உள்ளனர்.

ஆனால் எடை குறையாமலும் ஒரு பாறை வலிமை இழக்க முடியும். ஒரு துகளும் உதிராமல், உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் மட்டும் பெருகலாம். ஆகவே மணற்கல் போன்றவற்றைப் பலமுறை நனைத்து உலர்த்தி, இடையிடையே அழுத்திப் பார்த்துச் சோதிக்கின்றனர். இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. முதல் சில சுற்றுகளில் வலிமை வேகமாகக் குறைகிறது. அதன்பின் இழப்பு மெதுவாகிறது. எளிதில் கரையும் பொருளும், தளர்வாக ஒட்டிய களிமண்ணும் முதலில் போய்விடுவதே இதற்குக் காரணம். மெதுவாவதைப் பார்த்து நின்றுவிட்டது என எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள பையை ஒரு நிமிடம் தூக்கி நிற்பது பலருக்கும் இயலும். அதையே நாள் முழுவதும் தூக்கி நிற்க இயலாது. பாறையும் அப்படித்தான். பொறியில் வைத்துச் சில நிமிடங்களில் உடைத்தால் தெரிவது அதன் உடனடி வலிமை. ஆண்டுக்கணக்கில் உடையாமல் தாங்கக்கூடிய சுமை அதைவிடக் குறைவு. இதை நீண்டகால வலிமை என்பர். சுமையின் கீழ் நிற்கும் பாறையில் நுண்விரிசல்கள் மிக மெதுவாக வளர்கின்றன. விரிசலின் நுனியில் நீர் இருந்தால், அங்கே பரலின் அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டு எளிதில் அறுந்து வளர்ச்சி விரைவாகிறது. மலைச்சரிவில் நிற்கும் பாறை ஒருபோதும் பையைக் கீழே வைப்பதில்லை. சுமந்தபடியே நனைகிறது, சுமந்தபடியே உலர்கிறது.

வயோன்ட் அணையில் நடந்தது

இத்தாலியின் வடபகுதியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, வயோன்ட் என்னும் சிற்றாற்றின் குறுகிய பள்ளத்தாக்கில் 262 மீட்டர் உயரமுள்ள அணையைக் கட்டினர். அக்காலத்தில் உலகின் மிக உயரமான அணைகளுள் அது ஒன்று. அணைக்குப் பின்னால், ஏரியின் தென்கரையில், டோக் என்னும் மலை இருந்தது. அது சுண்ணாம்புக்கல் அடுக்குகளால் ஆனது. அடுக்குகள் ஏரியை நோக்கிச் சாய்ந்திருந்தன.

1960ஆம் ஆண்டில் ஏரியில் நீர் ஏற ஏற மலை அசையத் தொடங்கியது. நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 650 மீட்டர் அளவை எட்டியிருந்தபோது, நவம்பர் 4 அன்று 7 லட்சம் கன மீட்டர் பாறை சரிந்து ஏரியில் விழுந்தது. மலையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு பிளவு திறந்தது. ஒரு மலைச்சரிவு முழுவதுமே நகர்ந்துகொண்டிருந்தது.

பொறியாளர்கள் நீரை 600 மீட்டர் வரை இறக்கினர், அசைவு நின்றது. 1962இன் இறுதியில் 700 மீட்டர் வரை ஏற்றினர். மலை மீண்டும் நகர்ந்தது. 1963 வசந்த காலத்திற்குள் 650க்கு இறக்கினர், மறுபடியும் நின்றது. இந்த ஏற்ற இறக்கங்களைப் பார்த்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். பாறை முதன்முறை நனையும்போதுதான் அசைகிறது. ஒருமுறை நனைந்த உயரம் வரை மீண்டும் நீரேற்றினால் அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே நீரைச் சிறிது சிறிதாக ஏற்றியும் இறக்கியும் மலையை மெல்ல இறங்கவிடலாம் என்று நம்பினர். அதுவரை அளந்த அளவுகள் இந்நம்பிக்கைக்கு இடம் கொடுத்தன. அறியாமையால் செய்ததென்று எளிதில் ஒதுக்கிவிட முடியாத முடிவு அது.

1963 செப்டம்பர் தொடக்கத்தில் நீர்மட்டம் 710 மீட்டரை அடைந்தது. மலையின் நகர்வு நாளுக்கு நாள் விரைந்தது. நீரை இறக்கத் தொடங்கினர். இம்முறை மலை நிற்கவில்லை. அக்டோபர் 9 அன்று நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. அன்றிரவு 10.39 மணிக்கு, ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் பாறை ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் ஏரிக்குள் பாய்ந்தது. எழுந்த பேரலை அணையைத் தாண்டிக் குதித்து, கீழே இருந்த லாங்கரோன் நகரையும் பக்கத்து ஊர்களையும் அழித்தது. ஏறத்தாழ 2000 பேர் மாண்டனர். அணை உடையவில்லை. இன்றும் அது அங்கே நிற்கிறது. அதன் பின்னால் நீர் இருந்த இடத்தில் மலை கிடக்கிறது.

இவ்விபத்துக்கு நனைந்துலர்தல் ஒன்றையே காரணமாகக் கூறுவது சரியாகாது. அடுக்குகளுக்கு இடையே புகுந்த நீரின் அழுத்தம் மலையைத் தாங்கிய பிடிப்பைக் குறைத்தது; அவ்வாண்டு பெய்த மழையும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் ஹென்ட்ரன், பேட்டன் என்னும் இரு பொறியியலாளர்கள் அச்சரிவை விரிவாக ஆராய்ந்து 1985இல் அறிக்கை அளித்தனர். சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர் பருமனுள்ள களிமண் படலங்கள் இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். மாண்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் அதில் மிகுந்திருந்தது. ஒரு முறை நனைந்து தாங்கிய மலை மறுமுறையும் தாங்கும் என்ற கணக்கு, அம்மலை முன்பு இருந்தபடியே இருக்கிறது என்ற எண்ணத்தின் மேல் நின்றது. ஒவ்வொரு நகர்வும் அந்தப் படலங்களை மேலும் அரைத்துக்கொண்டிருந்தது.

முப்பது மீட்டர் பட்டை

வயோன்டில் நீரை ஏற்றி இறக்கியது மூன்று முறைதான். சீனாவில் யாங்சி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட மூன்று பள்ளத்தாக்கு அணையில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. கோடைகால வெள்ளத்தைப் பிடித்து வைக்க இடம் வேண்டும் என்பதற்காக, வெள்ளக் காலத்திற்கு முன் நீர்மட்டத்தை 145 மீட்டருக்கு இறக்குகின்றனர். வெள்ளக் காலம் முடிந்ததும் 175 மீட்டர் வரை ஏற்றி, குளிர்காலத்தில் மின்சாரம் எடுக்கின்றனர். 175 மீட்டர் மட்டத்தை நீர் முதன்முதலாக 2010ஆம் ஆண்டு அக்டோபரில் தொட்டது. 600 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட நீர்த்தேக்கத்தின் இரு கரைகளிலும், கிளையாறுகளின் கரைகளிலும், 30 மீட்டர் உயரத்திற்கு ஒரு பட்டை ஆண்டில் சில மாதம் நீருக்குள்ளும் சில மாதம் வெளியிலும் இருக்கிறது. படகிலிருந்து பார்ப்போருக்கு மலையின் பச்சைக்குக் கீழே வெளிறிய கோடு போல அது தெரியும். அங்கே பெரும்பாலான செடிகள் பிழைப்பதில்லை.

2003 ஜூன் மாதத்தில் நீர் முதல் கட்டமாக 135 மீட்டருக்கு உயர்ந்தது. அடுத்த மாதமே, ஜூலை 13 அன்று, சிங்கான் என்னும் கிளையாற்றின் கரையில் சியான்ஜியாங்பிங் என்ற இடத்தில் பெருஞ்சரிவு ஏற்பட்டு 24 பேர் மாண்டனர். அது முதல் நனைவின் விளைவு. அதன்பின் அந்நாட்டு ஆய்வாளர்கள் பார்வை ஆண்டுதோறும் நனைந்துலரும் பட்டையின் மேல் திரும்பியது. கரையிலிருந்து மணற்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் வெட்டியெடுத்து, அழுத்தத்தின் கீழ் நனைத்தும் உலர்த்தியும் பலமுறை சோதித்தனர். வலிமை குறைந்துவருவதைக் கண்டனர். சில செங்குத்தான மலைகளில் அப்பட்டைதான் மலையின் பாதம். மேலே பல நூறு மீட்டர் உயரத்திற்குப் பாறை நிற்க, அதன் முழு எடையையும் தாங்கும் பாதம் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை ஊறிக் காய்கிறது. அத்தகைய இடங்களில் பாதத்தைக் காங்கிரீட் போர்த்தியும், இரும்புக் கம்பிகளால் உள்ளே தைத்தும் காக்கின்றனர்.

இமயமலையின் அடிவாரத்தில்

அணை இல்லாத இடத்திலும் பாறை நனைந்துலர்கிறது. இந்தியாவில் பருவமழையே அதைச் செய்துவிடுகிறது. சிவாலிக் மலைத்தொடரிலும் அதையடுத்த மலைகளிலும் மணற்கல்லும் களிப்பாறையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இவை பழைய ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும்தான். தில்லியிலிருந்தோ சண்டிகரிலிருந்தோ சிம்லா செல்லும் சாலையில், மலையை வெட்டிய இடங்களில் இவ்வடுக்குகளைப் பார்க்கலாம். செந்நிறக் களிப்பாறை உள்வாங்கியிருக்கும். மணற்கல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.

அவ்வாறு துருத்தி நிற்பதற்குக் காரணம் நனைந்துலர்தலே. மலையின் உள்ளே இருந்தவரை களிப்பாறை ஓரளவு ஈரத்துடனேயே இருந்தது. சாலைக்காக வெட்டித் திறந்ததும் முதன்முறையாக அது முற்றிலும் காய்கிறது. அடுத்த மழையில் உதிர்கிறது. உதிர்ந்தபின் வெளிப்படும் புதிய முகமும் அவ்வாறே காய்ந்து உதிர்கிறது. சில பருவமழைகளுக்குள் மேலிருக்கும் மணற்கல் அடியில் தாங்கலின்றி, வீட்டின் பால்கனி போலத் தொங்கும். மணற்கல் அவ்வளவாக வலிமை இழக்காமலே ஒருநாள் பாளமாக விழுந்துவிடும். விழுவது மணற்கல், ஆனால் கெட்டுப்போனது அதன் கீழிருந்த களிப்பாறை. இப்பாளங்கள் மழை நிற்காத நேரத்தில் மட்டுமே விழும் என்றில்லை. மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் நாளிலும் விழுவதுண்டு. மழைவிட்டதும் சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி இளைப்பாறுவது இக்காரணத்தால் ஆபத்தானது.

பக்ரா அணையும் சிவாலிக் மணற்கல்லின் மேல்தான் நிற்கிறது. அங்கேயும் மணற்கல்லுக்கு இடையில் களிப்பாறைப் பட்டைகள் உள்ளன. அவற்றுள் அகலமான ஒன்று அணையின் நீர்ப்பக்க அடியை ஒட்டி அமைந்திருந்தது. கட்டியவர்கள் அக்களிப்பாறையை ஆழமாகத் தோண்டியெடுத்துவிட்டு, அவ்விடத்தைக் காங்கிரீட்டால் நிரப்பினர். களிப்பாறையில் அடித்தளம் தோண்டும் எவரும், தோண்டிய முகத்தை வெயிலில் காயவிடாமல் கூடிய விரைவில் காங்கிரீட்டால் மூடுவது வழக்கம். மழைக்கு அஞ்சுவதைவிட மழைக்கு முந்தைய வெயிலுக்கே அங்கு அதிகம் அஞ்சுவர்.

சாலையோரச் சரிவுகளையும் இதே எண்ணத்துடன்தான் காக்கின்றனர். புதிதாக வெட்டிய முகத்தின் மேல் சிமெண்ட் கலவையைப் பீய்ச்சிப் பூசுகின்றனர். சரிவின் உச்சியில் வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் மழைநீரை வேறு பக்கம் திருப்புகின்றனர். பாறைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட நீருக்கு வழி வேண்டுமே! அதற்காகத் தடுப்புச் சுவர்களில் கையளவு இடைவெளியிலோ முழ அளவிலோ அல்லாமல், சில அடிக்கு ஒன்றாகக் குழாய்த் துளைகள் விடுகின்றனர். மலைப்பாதையில் செல்லும்போது வரிசையாகத் தெரியும் அத்துளைகள் அழகுக்காக வைத்தவை அல்ல. மழை பெய்த மறுநாள் அவற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தால் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கவில்லை என்று பொருள். சுவரின் மேல் ஈரம் பரவியிருக்க, துளைகள் மட்டும் காய்ந்து கிடந்தால், அவை மண்ணால் அடைபட்டிருக்கக்கூடும். சாலைப் பணியாளர்கள் நீண்ட கம்பியால் அத்துளைகளைக் குத்தித் திறப்பது அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை.